பள்ளி நூலகத்துக்கு வாட்ஸ்அப் சேனல்: என்ன கிடைக்கும், எங்கே இடிக்கும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் ஒரு பள்ளி நூலகத்திடம் ஒரு போனும் வாரத்துக்கு ஒரு மணி நேரமும்தான் இருக்கிறது, ஒரே ஒரு சமூக ஊடகத்தைத்தான் நடத்த முடியும் என்றால், வாட்ஸ்அப் சேனலை எடுத்துக்கொள்ளுங்கள். நடத்துபவர் மட்டும் பதிவிட, மற்றவர்கள் பின்தொடர்ந்து பார்க்கும் ஒருவழிப் பலகை அது. ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண். யூடியூபுக்கு இரண்டரை, இன்ஸ்டாகிராமுக்கு இரண்டு. பேஸ்புக் பக்கம் வேறொரு வேலைக்கு நன்றாக உதவும், அதைக் கடைசியில் பார்ப்போம்.

இந்த மதிப்பெண்ணுக்கு அளவுகோல் ஒன்றுதான். பதிவைப் பார்த்த பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வருகிறார்களா? லைக், பார்வைகள், பின்தொடர்வோர் எண்ணிக்கை எதையும் கணக்கில் சேர்க்கவில்லை. யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்று எழுதும் வழங்கல் பதிவேட்டில் ஒரு வரி கூடினால் பதிவு வேலை செய்தது, கூடாவிட்டால் செய்யவில்லை.

குரூப் இருக்கும்போது சேனல் எதற்கு?

வகுப்புக் குரூப் இல்லாத பள்ளியே இன்று அரிது. வீட்டுப்பாடம், விடுமுறை, பெற்றோர் கூட்டம் எல்லாம் அதில்தான் வருகின்றன. புத்தக அறிமுகத்தையும் அதிலேயே போடுவது சுலபம். ஆனால் காலை வணக்கப் படங்களுக்கும் 'நாளைக்கு என்ன பரீட்சை?' கேள்விகளுக்கும் நடுவே அது அரை மணி நேரத்தில் மேலே போய்விடும். பிறகு யாரும் விரலால் தள்ளிக்கொண்டு போய்ப் பார்ப்பதில்லை. அட்மின் மட்டுமே எழுதலாம் என்று மாற்றினால், பெற்றோர் சந்தேகம் கேட்கும் ஒரே இடமும் மூடிக்கொள்ளும்.

நூலகத்துக்கென்று தனிக் குரூப் தொடங்கினால் வேறொரு சிக்கல். ஒரு குரூப்பில் 1024 பேர் வரை இருக்கலாம், அதில் இருக்கும் ஒவ்வொருவருடைய எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரியும். ஆறாம் வகுப்பு மாணவியின் அம்மா எண் அவருக்கு முன்பின் தெரியாத எண்ணூறு பேர் கைக்குப் போவதற்குப் பள்ளி காரணமாகக் கூடாது. ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்டில் எண்கள் மறைந்திருக்கும். ஆனால் ஒரு லிஸ்டில் 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். பெற்றோரில் பலர் பள்ளி எண்ணைச் சேமிப்பதில்லை. அனுப்பியவருக்கோ எல்லாருக்கும் போய்விட்டது போலவே தோன்றும்.

சேனல் இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்கிறது. 2023 ஜூனில் சில நாடுகளில் அறிமுகமாகி, அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியா உட்பட 150-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு வந்த வசதி இது. நடத்துபவரின் எண் பின்தொடர்வோருக்குத் தெரியாது. பின்தொடர்வோரின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது. நடத்துபவருக்கும்கூட, தன் போனில் ஏற்கனவே சேமித்திருக்கும் எண்ணாக இருந்தால்தான் தெரியும். ஆட்கணக்குக்கு உச்சவரம்பு கிடையாது. 2024 ஜனவரியிலிருந்து குரல் பதிவும் வாக்கெடுப்பும் சேர்ந்திருக்கின்றன, உரிமையாளரைத் தவிர 16 அட்மின்கள் வரை வைத்துக்கொள்ளலாம். போட்ட பதிவை 30 நாள் வரை திருத்தலாம். எழுத்துப்பிழையோடு போய்விட்ட பள்ளிப் பதிவைப் போல உறுத்துவது வேறில்லை, அதனால் இது சின்ன வசதி அல்ல.

மதிப்பெண் எங்கே குறைகிறது?

முதல் குறை, சேனல் அறிவிப்பு இயல்பாகவே ஊமையாக இருக்கும். பின்தொடர்ந்தவுடன் வேலை முடிந்தது என்று பெற்றோர் நினைத்துக்கொள்வார்கள். பதிவு வந்தாலும் போன் ஒலிக்காது. சேனலுக்குள் போய் மேலே இருக்கும் மணி அடையாளத்தை ஒருமுறை தொட்டால்தான் அறிவிப்பு வரத் தொடங்கும். பள்ளிச் சேனல்கள் பிசுபிசுத்துப் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த ஒரு மணிதான், உள்ளடக்கம் அல்ல. இதற்கு வழி, லிங்கை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காமல் பெற்றோர் கூட்டத்தன்று வாசலருகே ஒரு மேசை போடுவது. ஏ4 தாளில் சேனலின் க்யூஆர் கோடு, அதற்குக் கீழே மூன்றே வரி: 'ஸ்கேன் செய்யவும். ஃபாலோ தொடவும். மணியைத் தொடவும்.' பக்கத்தில் இரண்டு பத்தாம் வகுப்பு மாணவர்கள் நின்று உதவினால் ஒரு பெற்றோருக்கு ஒரு நிமிடம் ஆகும். க்யூஆர் கோட்டை வாட்ஸ்அப்பே தருகிறது. மூன்றாம் தரப்பு இணையதளத்தில் இலவசமாகச் செய்தால், சில தளங்கள் சோதனைக்காலம் முடிந்ததும் அந்தக் கோட்டை முடக்கிவிடுகின்றன. அதற்குள் அது அலமாரிக் கதவில் ஒட்டி லேமினேட்டும் ஆகியிருக்கும்.

இரண்டாவது, சேனல் இருக்கும் இடம். அது 'அப்டேட்ஸ்' பகுதிக்குள் இருக்கிறது. அங்கே ஸ்டேட்டஸ், சினிமா நடிகர் சேனல்கள், கிரிக்கெட் சேனல்கள் எல்லாம் பக்கத்திலேயே. 2025 ஜூனில் அந்தப் பகுதிக்கு விளம்பரங்களும் பணம் கட்டி முன்னிறுத்தும் சேனல்களும் வரப்போவதாக வாட்ஸ்அப் அறிவித்தது. நூலகப் பதிவைப் பார்க்கப் போன பிள்ளையின் கண் பக்கத்தில் தாவத்தான் செய்யும். ஆகவே பதிவு சேனலுக்குள் இருந்தாலும், வாரத்தில் ஒன்றை மட்டும் வகுப்புக் குரூப்புக்கு ஃபார்வர்டு செய்யுங்கள். ஃபார்வர்டு ஆகும் பதிவில் சேனலின் பெயரும் இணைப்பும் ஒட்டிக்கொண்டே போகும், தவறவிட்டவர்கள் அங்கிருந்து உள்ளே வரலாம்.

மூன்றாவது, சேனல் பொதுவெளி. லிங்க் கிடைத்த யாரும் பின்தொடரலாம். குரூப் உரையாடலுக்கு இருக்கும் முழு மறையாக்கம், அதாவது அதில் இருப்பவர்கள் மட்டுமே படிக்க முடியும் என்ற பூட்டு, இதற்குக் கிடையாது. தெருச் சுவரில் ஒட்டத் தயங்கும் எதையும் இதில் போடக்கூடாது. மாணவர் முகம், பெயர், வகுப்புப் பிரிவு, வீட்டு ஊர் எல்லாமே இதில் அடங்கும்.

நான்காவது, இதை ஆவணக் காப்பகமாக நம்ப முடியாது. சேனல் தொடங்கும்போதே, பதிவுகளைத் தங்கள் சர்வரில் 30 நாள் வரைதான் வைத்திருப்போம் என்று வாட்ஸ்அப் அறிவித்தது. நல்ல குரல் பதிவையும் படத்தையும் பள்ளிக் கணினியில் மாதவாரியாகத் தனிக் கோப்புறையில் சேமித்து வையுங்கள். அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு அவை எல்லாம் புதியவைதான்.

யார் சிம், யார் பொறுப்பு

நூலகப் பொறுப்பாசிரியரின் சொந்த எண்ணில் சேனலைத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ஜூனில் அவருக்கு மாறுதல் வந்தால் சேனலும் அவரோடு போய்விடும், அல்லது யாரும் தொடாமல் கிடக்கும். பள்ளியின் பெயரில் ஒரு சிம் வாங்கி அதில் தொடங்குங்கள். தலைமையாசிரியரையும் இன்னொரு ஆசிரியரையும் அட்மின் ஆக்குங்கள். இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண்ணைப் பள்ளி அலுவலகத்தில் உறையிலிட்டு வையுங்கள். சிம்மை மேசை டிராயரில் போட்டு மறந்துவிடக் கூடாது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் முடக்கலாம், பிறகு அதே எண் வேறொருவருக்குப் போகலாம். 120 நாள் திறக்காத வாட்ஸ்அப் கணக்கும் நீக்கப்படும். மாதம் ஒரு நாள், சம்பளப் பட்டியல் போடும் நாளிலேயே, அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

சேனலுக்குப் பெயர் வைக்கும்போது ஊரும் பள்ளியும் அதில் வரட்டும். 'அறிவுச் சோலை', 'வாசிப்போம் வளர்வோம்' என்று வைத்தால் தேடலில் அதே பெயரில் இன்னும் பல வரும், பெற்றோர் எங்கோ ஒரு ஊர்ச் சேனலைப் பின்தொடர்ந்துவிட்டு ஒன்றும் வரவில்லையே என்பார்கள். எமோஜியை 'இயல்பான எமோஜிகள் மட்டும்' என்ற அமைப்பில் வையுங்கள். எல்லா எமோஜிக்கும் திறந்துவிட்டால், ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளை வரைந்த படத்துக்குக் கீழே கோமாளி முகத்தையோ அதைவிட மோசமானதையோ ஒருவர் வைத்துவிட்டுப் போவார். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு வரையாது.

வயது விஷயத்தில் தெளிவு வேண்டும். வாட்ஸ்அப் கணக்கு வைத்துக்கொள்ளக் குறைந்தபட்ச வயது 13. ஏழாம் வகுப்பு வரை உங்கள் பதிவு பெற்றோர் போனுக்குத்தான் போகிறது. அந்தப் பதிவைப் பெற்றோரை நோக்கித்தான் எழுத வேண்டும், அவர் அதைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டும்படி இருக்க வேண்டும்.

ஒரு பதிவை அருகில் வைத்துப் பார்ப்போம்

பள்ளி நூலகப் பதிவுகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வருகின்றன. அட்டைப்படம், 'இன்றைய நூல்', நூலாசிரியர் பெயர், ஓர் அறிஞரின் பொன்மொழி, 'வாசிப்பை நேசிப்போம்'. இதைப் பார்த்துப் புத்தகம் எடுக்க வருபவர்கள் மிகக் குறைவு. புத்தகத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தைகூட அதில் இல்லை, அது எங்கே இருக்கிறது என்பதும் இல்லை. வாசிப்பு நல்லது என்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்குத் தெரியாதது புத்தகத்துக்குள் இருப்பதுதான், கீழே உள்ள மாதிரியில் வரும் ஆட்டுக்குட்டியைப் போல.

மாதிரிக்கு இப்படி ஒரு பதிவு:

'முத்துவோட ஆட்டுக்குட்டியை மூணு நாளாகக் காணோம். 14-ஆம் பக்கம் வரை தேடியாச்சு. கிணத்து மேட்டுல ஒரு மணிச் சத்தம் கேக்குது. யாரு அங்கே? – 32 பக்கம், பக்கத்துக்குப் பக்கம் படம். 4, 5-ஆம் வகுப்புக்கு ஏற்றது. சேர்க்கை எண் 2317. இரண்டாவது அலமாரி, மூன்றாம் தட்டு, பச்சை வட்டம். இரண்டு பிரதிகள் உள்ளன.'

நாற்பது சொற்களுக்குள்தான். (சேர்க்கை எண் என்பது நூலகம் அந்தப் புத்தகத்துக்குத் தந்த எண்.) முதல் பாதி கதையை இழுத்து நிறுத்துகிறது, இரண்டாம் பாதி நேரே தட்டுக்குக் கூட்டிப்போகிறது. இரண்டாம் பாதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. நாற்பது நிமிட நூலகப் பாடவேளையில் நாற்பது பிள்ளைகள் 'மிஸ், நேத்து போட்ட புக் எங்கே?' என்று கேட்டால் அந்தப் பாடவேளை அதிலேயே கரைந்துவிடும். தட்டு எண்ணும் வண்ண வட்டமும் பதிவில் இருந்தால் பிள்ளை தானே போய் எடுத்துக்கொள்ளும். அரசுப் பள்ளியில் வாசிப்பு இயக்கப் புத்தகம் என்றால் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிநிலையில் எது என்று சேர்த்துப் போடுங்கள். பெற்றோர் 'என் பையனுக்கு இது கஷ்டமா இருக்குமோ?' என்று தயங்குவது அதில் தீர்ந்துவிடும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களில் புதியது வந்தால் 'இதழ் வந்துவிட்டது' என்பதோடு நிறுத்தாமல் உள்ளே இருக்கும் ஒரு புதிரையோ கேள்வியையோ எடுத்துப் போடுங்கள்.

எப்போது போடுவது என்பதும் அதே அளவு முக்கியம். ஆறாம் வகுப்புக்கு நூலகப் பாடவேளை செவ்வாய்க்கிழமை என்றால், ஆறாம் வகுப்புக்கான புத்தகத்தைத் திங்கள் மாலை போட வேண்டும். வெள்ளிக்கிழமை போட்டால் நடுவில் நான்கு நாள், ஆசை ஆறிப்போய்விடும். பகல் பதினோரு மணிக்குப் போட்டால் பிள்ளை வகுப்பில் இருக்கும், அம்மா வேலையில் இருப்பார். மாலை ஏழிலிருந்து எட்டரைக்குள் போடும் பதிவுக்குத்தான் வீட்டில் ஆள் இருக்கும். வாரத்துக்கு மூன்று பதிவு போதும். தினம் ஐந்து போட்டால் மணியை அணைத்துவிடுவார்கள், ஒருமுறை அணைத்த மணியைத் திரும்பப் போடுபவர் அரிது.

பதிவு பலித்தால் வரும் சங்கடம் ஒன்று உண்டு. ஒரே பிரதி இருக்கும் புத்தகத்தை நாற்பது பேர் கேட்டு வந்து முப்பத்தொன்பது பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் முறை வரமாட்டார்கள். போடுவதற்கு முன் வழங்கல் பதிவேட்டைப் பார்த்து, புத்தகம் தட்டில்தான் இருக்கிறது என்று உறுதிசெய்யுங்கள். ஒரே பிரதி என்றால், அதோடு அதே மாதிரி இன்னும் மூன்று புத்தகங்களைச் சேர்த்து 'விலங்குகள் காணாமல் போகும் நான்கு கதைகள்' என்று ஒரு பதிவாக்கிவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலுக்கு ஒரு நோட்டு வையுங்கள். 'உனக்கு முன்னால் மூன்று பேர்' என்று சொன்னால் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

படம், குரல், எழுத்துரு

அட்டைப்படத்துக்கு ஃபிளாஷ் வேண்டாம். பள்ளிப் புத்தக அட்டைகள் பளபளப்பானவை, நடுவில் வெள்ளைத் திட்டு விழுந்து தலைப்பு அழிந்துவிடும். ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி புத்தகத்தைப் பெஞ்சில் வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். இன்னும் நல்லது, புத்தகம் ஒரு பிள்ளையின் கையில் திறந்திருக்க, கையும் பக்கமும் மட்டும் தெரியும் படம். அட்டையைவிட அதற்குத்தான் கண் நிற்கும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும் நோட்டின் மேல் எழுதிய பெயரும் சட்டகத்துக்குள் வரக்கூடாது. ஒரு நுணுக்கம்: படத்தை யாருக்காவது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அதனோடு இருக்கும் இடத் தகவல் நீங்கிவிடும், தெளிவு வேண்டும் என்று டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்த இடத்தின் தகவல் உள்ளேயே இருந்துவிடும். போன் கேமராவில் லொகேஷனை அணைத்துவிட்டுப் படம் எடுப்பதே பாதுகாப்பு.

சேனலின் உண்மையான பலம் குரல் பதிவு. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும், தமிழ் படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் அது ஒரே மாதிரி போய்ச் சேரும். 60 முதல் 90 நொடி. மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் பிடித்துப் பேசுங்கள். நேராகப் பிடித்தால் 'ப', 'ப்ப' வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். கதை சூடு பிடிக்கும் இடத்தில் நிறுத்திவிட்டுச் சேர்க்கை எண்ணைச் சொல்லுங்கள். முழுக் கதையையும் சொல்லிவிட்டால் புத்தகத்துக்கு வேலை இல்லை.

முழுதாக வாசிப்பதில் பதிப்புரிமைச் சிக்கலும் இருக்கிறது. அறிமுகத்துக்கும் விமர்சனத்துக்கும் சிறு பகுதியைப் பயன்படுத்த 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் விலைக்கு வாங்கிய படக்கதையை அட்டை முதல் அட்டை வரை வாசித்தோ, பக்கம் பக்கமாகப் படமெடுத்தோ பொதுச் சேனலில் போட அது இடம் தராது. கல்வி நோக்கம்தானே என்று பலரும் துணிந்து செய்கிறார்கள். வகுப்பறைக்குள் வாசிப்பது வேறு, உலகம் பார்க்கப் பதிவேற்றுவது வேறு. முழுதாக வாசிக்க ஆசை இருந்தால் வழிகள் இருக்கின்றன. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன. அவற்றைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தருகிறார்கள். எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர், தளம், உரிமம் ஐந்தையும் குறிப்பிட்டுவிட்டால் வாசித்துப் பதிவேற்றலாம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இன்னொரு வழி. பாரதியாரின் படைப்புகள் அப்படி மக்களுக்கு வந்தவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நாட்டுடைமை நூல்கள் கிடைக்கின்றன. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்த எழுத்துக்கும் தடை இல்லை. 1954-ல் மறைந்த கவிமணியின் குழந்தைப் பாடல்களை ஒரு இரண்டாம் வகுப்பே சேர்ந்து பாடிப் பதிவிடலாம்.

படத்தின் மேல் எழுதும் தமிழ் பலருக்கும் தொல்லை தருவது. அலுவலகத்தில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே படம் வடிவமைக்கும் கேன்வா செயலியில் ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துக் கூட்டமாக விழும். யூனிகோடில் தட்டச்சு செய்ய வேண்டும், இல்லையென்றால் மாற்றி மூலம் மாற்றிக்கொள்ள வேண்டும். கேட்டமரான் (Catamaran), முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகிய எழுத்துருக்கள் சின்னத் திரையிலும் தெளிவாக இருக்கும். படத்தின் மேல் ஆறு சொல்லுக்கு மேல் வேண்டாம், மீதியைப் பதிவின் எழுத்தில் வையுங்கள். படத்துக்குள் எழுதிய சேர்க்கை எண்ணை யாராலும் தேடி எடுக்க முடியாது.

பெற்றோர் ஒப்புதல்

இதை அவசரமாகக் கடந்துபோக முடியாது. 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாரும் குழந்தைகள். அவர்களது தரவைக் கையாளச் சரிபார்க்கக்கூடிய பெற்றோர் ஒப்புதல் தேவை என்பதே அந்தச் சட்டத்தின் அடிப்படை. சேர்க்கைப் படிவத்தின் கடைசியில் 'புகைப்படம் வெளியிடச் சம்மதம்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி சேர்ப்பது ஒப்புதல் ஆகாது. தனித் தாள் ஒன்று போதும். அதில் நான்கு கட்டங்கள்: குரல், ஓவியம், கையெழுத்து, படம். எந்தத் தளத்தில், எவ்வளவு காலத்துக்கு என்பதும் வேண்டும். ஒரு கல்வியாண்டு போதுமானது. எப்போது வேண்டுமானாலும் நீக்கச் சொல்லலாம் என்ற வரியும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் வேண்டும். நிறைய பெற்றோர் குரலுக்குச் சம்மதித்துப் படத்துக்கு மறுப்பார்கள். ஒரே கட்டமாக வைத்தால் அவர்கள் எல்லாவற்றுக்குமே மறுத்துவிடுவார்கள், ஒரு நல்ல வாசகரின் குரல் வெளியே வராமல் போகும். பெற்றோர் சம்மதித்தாலும், பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் போடாதீர்கள்.

மற்றவை

யூடியூபில் இருப்பு நிலைக்கும், பிளேலிஸ்ட்டாக அடுக்கலாம், ஐந்து ஆண்டு கழித்தும் தேடினால் கிடைக்கும். சேனல் தராத காப்பகத்தை அது தருகிறது. ஆனால் சிறுவர்களுக்கான வீடியோ என்று குறித்தாக வேண்டும், குறித்ததும் கருத்துப் பகுதி மூடிவிடும், பிளேலிஸ்ட்டில் சேமிக்கும் வசதி பார்வையாளருக்கு இல்லாமல் போய்விடும், வீடியோ முடிவில் அடுத்ததைக் காட்டும் அட்டையும் வராது. நீங்கள் வருமானம் கேட்காவிட்டாலும் யூடியூப் விளம்பரம் போட்டுக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய சிக்கல், கதை முடிந்ததும் தானாக ஓடும் அடுத்த வீடியோ உங்கள் கையில் இல்லை. வகுப்பில் ஆசிரியர் முன்னிலையில் திரையிட யூடியூப் சரி. வீட்டுக்கு அனுப்பக் குரல் பதிவே நல்லது.

இன்ஸ்டாகிராம் கண்ணுக்கு அழகு. ஒரு பதிவில் 20 படம் வரை அடுக்கலாம், ரீல்ஸ் நன்றாகப் பரவும். ஆனால் பதிவின் எழுத்தில் போடும் லிங்க் திறக்காது. முக்கியமாக, பள்ளி நூலகக் கணக்கைப் பின்தொடர்பவர்கள் யார் என்று திறந்து பாருங்கள்: பெரும்பாலும் மற்ற நூலகர்கள், பதிப்பகங்கள், எழுத்தாளர்கள். அவர்கள் பாராட்டு மனதுக்கு இதம்தான், ஆனால் உங்கள் ஏழாம் வகுப்பு 'பி' பிரிவு அதில் இல்லை. மேல்நிலை வகுப்புகள் உள்ள நகரப் பள்ளிகளில், ப்ளஸ் ஒன் மாணவர்களே பதிவைத் தயாரித்து ஆசிரியர் பார்த்து வெளியிடும் ஏற்பாடு இருந்தால் மட்டும் அதற்கு நேரம் ஒதுக்கலாம். ஒரு பயன் உண்டு. எழுத்தாளரைக் குறித்துப் போடும் பதிவுக்கு அவரே பதில் எழுதினால், அந்தப் பதிலை அச்செடுத்துப் புத்தகத்துக்குள் ஒட்டி வையுங்கள், பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகவே எடுப்பார்கள்.

டெலிகிராமில் பதிவை முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கலாம், பெரிய கோப்பும் போகும். ஆனால் அங்கே தமிழ்ப் புத்தகம் என்று தேடினால் திருட்டுப் பிடிஎஃப் சேனல்கள்தான் வந்து நிற்கும். பிள்ளைகளை அந்தத் தெருவுக்கு நாமே கூட்டிப்போக வேண்டாம்.

பேஸ்புக் பக்கத்தில் இன்றைய மாணவர்கள் இல்லை, முன்னாள் மாணவர்கள் இருக்கிறார்கள். 'நூலகத்துக்குப் புத்தகம் தாருங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் பழைய பாடநூல்களும் முழுத் தொகுப்பாக இல்லாத உதிரித் தொகுதிகளும் வந்து குவியும். தலைப்பு, பதிப்பகம், விலை, எத்தனை பிரதி என்று பத்துப் புத்தகப் பட்டியலைப் போட்டு, யாராவது ஏற்றதை உடனே பட்டியலிலிருந்து அடித்துக்கொண்டே வாருங்கள். காத்திருப்போர் நோட்டில் அதிகம் பேர் கேட்ட புத்தகம் எதுவோ அதுவே பட்டியலில் முதலில் இருக்கட்டும்.

பலித்ததா என்று பார்ப்பது எப்படி?

வழங்கல் பதிவேட்டின் குறிப்புப் பத்தி பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது. சேனலில் பார்த்துக் கேட்டு வந்த பிள்ளையின் வரியில் அங்கே 'சே' என்று ஒரு எழுத்துப் போடுங்கள். அதோடு ஒரு சின்ன ஒப்பீடு: ஒரே வகுப்புக்கு ஏற்ற, கிட்டத்தட்ட ஒரே பருமன் உள்ள இருபது புத்தகங்களை எடுத்து, பத்தைச் சேனலில் அறிமுகம் செய்யுங்கள், பத்தைச் சும்மா தட்டில் வையுங்கள். ஆறு வாரம் கழித்து இரண்டு பத்துக்கும் எத்தனை முறை வழங்கல் நடந்தது என்று எண்ணுங்கள். வித்தியாசம் இல்லை என்றால் பதிவின் எழுத்தையோ நேரத்தையோ மாற்ற வேண்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும்.

போன் இல்லாத வீடுகளை இந்தக் கணக்கில் விட்டுவிடக் கூடாது. பிள்ளைகளிடம் கையைத் தூக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், அது அவமானம். வகுப்பாசிரியரிடம் கேட்டால் தெரிந்துவிடும். ஒவ்வொரு பதிவையும் ஏ4 தாளில் அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அச்சுப்பொறி இல்லை என்றால் கரும்பலகையின் ஓரத்தில் எழுதினாலும் போதும். காலை இறைவணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிப்பு முடிந்ததும் அரை நிமிடம், அதே ஆட்டுக்குட்டிப் பத்தியை ஒரு பிள்ளை வாசிக்கட்டும். சேனலில் வந்தது முந்தின நாள் மாலை, கூட்டத்தில் வருவது மறுநாள் காலை, நூலகப் பாடவேளை அன்றைக்கே. போன் இருக்கும் பிள்ளையும் இல்லாத பிள்ளையும் ஒரே நாளில் தட்டுக்கு வந்து நிற்பார்கள்.

ஏப்ரல் கடைசியில் சேனலை ஊமையாக்கிவிட்டுப் போவது வழக்கம். அந்த நாற்பது நாளில்தான் பிள்ளைகளுக்கு நேரம் இருக்கிறது, நூலகம் பூட்டிக் கிடக்கிறது. கடைசித் தேர்வுக்கு முந்தின வாரம் 'கோடைக்கு மூன்று புத்தகம்' என்று பெற்றோர் கையெழுத்து வாங்கிக்கொண்டு வழங்கிவிடுங்கள். மே மாதம் வாரம் ஒரு பதிவு போதும், அது வீட்டில் ஏற்கனவே இருக்கும் அந்தப் புத்தகங்களைப் பற்றியே இருக்கட்டும். புத்தகம் கிடைக்காதவர்களுக்கு ஸ்டோரிவீவர் கதை ஒன்றின் இணைப்பு. ஜூனில் பள்ளி திறக்கும் முதல் வாரம், திருப்பித் தர வேண்டிய தேதியோடு ஒரு பதிவு. தொலைந்த புத்தகத்துக்கு அபராதம் என்று அதில் எழுதினால், தொலைத்த பிள்ளை நூலகப் பக்கமே வராது. 'கிழிந்திருந்தாலும் கொண்டு வா, ஒட்டிக்கொள்ளலாம்' என்று எழுதுங்கள்.